பாராசூட் ஷெட்டுப் பெண்ணின் கை வளையல்

பூங்காவின் பெரிய கேட் நான் செய்தது. உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் வளைந்து வளைந்து போகிறதே பதுங்கு குழி, அது மண் மூடி இருந்த இடமே தெரியாமல் கிடந்தது. கடப்பாரையால் தட்டித் தட்டி, மண் எங்கே மெத்தென்று இறங்குகிறது என்று பார்த்துத் தோண்டி எடுத்தது நான். பாராசூட் ஷெட்டின் கூரையில் அரசமரம் முளைத்து, வேர் சுவரைப் பிளந்துகொண்டு தரைக்கு இறங்கியிருந்தது. மரத்தையும் வேரையும் வெளியேற்றி, சுவரை நிற்க வைத்தது நான். ஷெட்டுக்குள் இருக்கிற நீள மேஜைகள், தண்ணீர்ப் பானை மேடை, சங்கு கட்டிய கம்பம், மழைத் தண்ணீர் போகிற வாய்க்கால், எல்லாம் என் கை பட்டவை. படம் போட்டுக் கொடுக்க ஆள் இல்லை. இங்கிலீஷ் எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவைத்துவிட்டது. லாரிக்காரர்கள் குப்பை கொட்டுகிற இடமாக இருந்தது அது. "இங்க பார்க் வரும்னு நம்பி வேலைக்குப் போறியா?" என்று சிரித்தவர்கள் இன்றைக்குக் காலையில் அதே இடத்தில் கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். நடக்கட்டும். நடைபாதையும் நான் போட்டதுதான்.

இதையெல்லாம் நானே எழுத வேண்டிய அவசியம் எப்படி வந்தது என்றால், சனிக்கிழமைகளில் உதவிக்கு வருகிற பிள்ளைகளால் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகள். சேலம், கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் சும்மா பார்க்கப் போயிருந்தேன். ஒரு பெண் மரியாதையாக எழுந்து நின்று கேட்டாள்.

"அங்கிள், நீங்க முன்னாடி இங்க வேலை பாத்தீங்களாமே. செக்யூரிட்டியா?"

"நீ உள்ள வந்தியே ஒரு கேட்டு, அது என்னுதும்மா."

"ஓ, கேட் கீப்பரா!"

அவள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. புதுச் செயலாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கன்னியப்பன் சார், நீங்களே எழுதிக் கொடுத்துடுங்களேன். புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் கொடுக்கலாம்" என்றார். எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகப் போர் நடந்தபோது சண்டைக்குப் போனவர்களுக்குச் சிலை இருக்கிறது, கல் இருக்கிறது. சண்டைக்கு வேண்டியதை ஊரில் இருந்து செய்து கொடுத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. பெங்களூரில் கூடாரம் தைத்தவர்கள், இரும்பு அடித்தவர்கள், பாராசூட்டுக்குப் பட்டுத்துணி வெட்டித் தைத்த பெண்கள், இவர்களுக்கான பூங்கா இது. கன்டோன்மென்ட் பக்கம் பாழடைந்து கிடந்த ஒரு போர்க்கால ஷெட்டும் அதைச் சுற்றிய நிலமும்தான் பூங்கா. நிலம் அரசாங்கத் துறை ஒன்றுக்குச் சொந்தம். அதைத் தாங்கிப் பிடிக்கிற வேலை எங்கள் சங்கத்துக்கு. லாபம் பார்க்கிற சங்கம் இல்லை. அதில் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான்.

நான் பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல்காரன். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். தமிழ் எழுத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்தும் பஸ் பலகைகளைப் பார்த்தும் நானே பிடித்துக்கொண்டேன். பையனாக சிவாஜிநகரில் ஒரு பாயின் வெல்டிங் பட்டறையில் சேர்ந்தேன். "ஆஸ்தே ரே, ஆஸ்தே! இரும்பு எங்கயும் ஓடிடாது" என்று அவர் கத்திக் கத்தியே என் கையை மெதுவாக்கினார். பிறகு சொந்தப் பட்டறை போட்டேன். பட்டறைப் படிப்பு அவ்வளவுதான்.

சாரதா மேடம் என் பட்டறைக்கு வந்த நாளிலிருந்துதான் கதை. மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலிருந்தே இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். கன்னடத்தில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தமிழில் முடிப்பார். முடித்தது அவருக்கே தெரியாது. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், முதல் செயலாளர். பூங்காவுக்கு கேட் செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். வெளியே சாத்தியிருந்த யாருடைய கேட்டையோ பார்த்தார். கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தார். இந்த மூலையில் இருந்து எதிர் மூலைக்கு ஒரு தடவை, அந்த மூலையில் இருந்து எதிர் மூலைக்கு ஒரு தடவை, குறுக்காக அளந்தார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பட்டறைக்காரனுக்குத் தெரிந்த விஷயம் அது. கேட் வாங்க வந்தவர் யாரும் அப்படி அளந்து நான் பார்த்ததில்லை.

"யார் பத்தவெச்சது?"

"நான்தான் மேடம்."

"யார் கோடு போட்டது?"

"அதுவும் நான்தான்."

"யார் அளந்து பார்த்தது?"

"அது மட்டும் நீங்க மேடம்."

அவர் சிரிக்கவில்லை. டேப்பை உள்ளே போட்டுக்கொண்டு, "நோடோணா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் வாயில் அதற்கு வேலை உறுதி என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. கேட் முடிந்ததும் கம்பம், கம்பம் முடிந்ததும் கூரை என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் பட்டறையை மச்சானிடம் கொடுத்துவிட்டுச் சங்கத்திலேயே சேர்ந்துவிட்டேன்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாம் எவ்வளவு கோபமாக, எவ்வளவு நீளமாகப் பேசினாலும் குறுக்கே பேச மாட்டார். நாம் முடித்ததும், நாம் சொன்னதை ஒரே வாக்கியமாகச் சுருக்கித் திருப்பிச் சொல்வார். பிறகு "சரியா?" என்பார். "சரி" என்று நம் வாயிலிருந்து வரும்வரை அடுத்த அடி எடுத்து வைக்க மாட்டார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். அரை மணி நேரம் நான் கத்தியது ஒரு வாக்கியமா என்று. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் நான் சொன்னது எதுவும் விட்டுப்போயிருக்காது. பாராட்டு மட்டும் அவரிடமிருந்து வராது. "ஆகட்டும்" என்றால் நன்றாக இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் டேப்பை எடுத்தால் பிரித்துப் போட வேண்டும்.

ஷெட்டுக்குள் என்ன எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க அவர் வைத்த முறை, நான் வேறு எங்கும் கேள்விப்படாதது. போர்க்காலத்தில் அங்கே வேலை செய்து இன்னும் உயிரோடு இருந்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராகக் கூட்டி வருவோம். முதலில் தோசை, காபி. கேள்வி கேட்கக் கூடாது. பிறகு ஆளுக்கு ஒரு நிறத்தில் சாக்பீஸ். "நீங்க நின்ன இடத்துல ஒரு வட்டம் போடுங்க" என்று மட்டும் சொல்வோம். பக்கத்தில் நின்று "இங்கயா, அங்கயா" என்று எடுத்துக் கொடுத்தால் மேடம் முறைப்பார். தண்ணீர் குடித்த இடம், துணி வெட்டிய இடம், சூப்பர்வைசர் நின்று பார்த்த இடம் எல்லாவற்றுக்கும் வட்டம். குனிய முடியாதவர்கள் கைத்தடி நுனியில் சாக்பீஸைக் கட்டிக்கொண்டு போடுவார்கள். கட்டிக் கொடுப்பது என் வேலை. ஒருவர் போட்ட வட்டத்தின் மேல், அதைப் பார்க்காத இன்னொருவரின் வட்டமும் வந்து விழுந்தால்தான் அந்த இடம் உறுதி. அப்போது நான் மஞ்சள் பெயின்ட் அடிப்பேன். இன்றைக்கு ஷெட்டுத் தரையில் இருக்கிற மஞ்சள் வட்டங்கள் அப்படி வந்தவை. வேறு வேறு வாரம் வந்த இரண்டு பேரின் வட்டம், ஒன்றுமில்லாத வெறும் சுவர் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. "வாசப்படி" என்று இருவரும் சாதித்தார்கள். சுவரைக் கொத்தினேன். உள்ளே நிலைக்கல் இருந்தது. அன்றைக்கு மேடம் "ஆகட்டும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்படி வந்தவர்தான் பாப்பம்மா. சந்தாபுராவில் மருமகள் வீட்டில் இருந்தார். பாராசூட் ஷெட்டில் வேலை செய்த பெண்களில் நடமாட்டத்தோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆனேக்கல்லில் முனியம்மா என்று இன்னொருவர் இருந்தார். ஆனால் அவர் படுக்கையில். பாப்பம்மாவுக்கு வயதுக்கு ஏற்ற கூன் இருந்தது, குரலில் மட்டும் கூன் கிடையாது. சிவப்பு சாக்பீஸ்தான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். என்னை "யோவ் வெல்டரு" என்றுதான் கூப்பிடுவார்.

இனி சிலை. பூங்காவுக்குத் திறப்பு விழா வைக்க வேண்டிய நிலைமை. நிலத்துக்குச் சொந்தமான துறை அதைத் தற்காலிகமாகத்தான் கொடுத்திருந்தது. அந்த உத்தரவு முடிகிற சமயம். புதிதாக வந்த அதிகாரி கன்னடத்தில் நேராகவே கேட்டார்: "இது அவர்களுடைய இடம் என்று எழுதுகிறீர்கள். அவர்களில் ஒருவராவது வந்து இது எங்களுடையதுதான் என்று சொல்லட்டும். விழாவுக்கு வருகிறேன், பார்க்கிறேன், பிறகு கையெழுத்து." நியாயமான பேச்சு. கையெழுத்து கிடைக்காவிட்டால் நிலத்தைக் கிடங்கு கட்ட எடுத்துக்கொள்வார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். பாப்பம்மா வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு.

வாசலில் ஒரு பெண் தொழிலாளியின் சிலை வைப்பது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. ஓவியக் கல்லூரியில் படித்த பிரமோத் என்ற இளைஞர் சிற்பி. நல்ல கைக்காரர், அதை மறுக்க மாட்டேன். வெளிநாட்டுப் போர்க்கால விளம்பரப் படங்களையெல்லாம் பார்த்து மாதிரி உருவம் ஒன்று செய்திருந்தார். மடித்துவிட்ட சட்டைக் கை, தலையில் கட்டிய துணி, வலது கை முஷ்டி மடக்கி மேலே, இடது கை நெஞ்சுக்கு முன்னால் மடங்கி. கீழே மட்டும் புடவை. எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான். உள்ளே கம்பிக்கூடு கட்டியது நான். அதன் மேல் வலை சுற்றி சிமென்ட் பூசி பிரமோத் உருவம் எடுத்தார். ஆள் உயரம். இடித்தால் லாரி நசுங்கும், சிலை நசுங்காது, கூடு அப்படி.

விழாவுக்கு முந்தின வாரம், எங்கே நிற்க வேண்டும், எப்படி வெட்ட வேண்டும் என்று காட்டுவதற்காக பாப்பம்மாவை அழைத்து வந்தோம். ஆட்டோவை விட்டு இறங்கினார். சிலையை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மாறியது.

"யாரு செத்தாங்க இங்க?"

ஒருவருக்கும் புரியவில்லை. "யாரும் சாகலையேம்மா" என்றேன்.

"அப்புறம் ஏன்யா இவ கைய மொட்டையா வெச்சிருக்கீங்க? தாலியறுத்தவளா இவ? இதுதான் நானா?"

மருமகள் அவர் தோளைத் தொட்டு, "அத்தே, சும்னிருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

"பாக்கட்டும்! பாக்கத்தானே வெச்சிருக்காங்க!"

பிறகு நின்ற நிலையிலேயே சொன்னார். நாங்கள் அதுவரை கேட்டிராத கதை. எங்கே நின்றீர்கள் என்று ஒவ்வொரு வாரமும் கேட்டோமே தவிர, எப்படி நின்றீர்கள் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

பாராசூட்டுத் துணி பட்டு. வளையல் நுனி பட்டால் இழை இழுத்துக்கொள்ளும். இழுத்த இடம் பலவீனம்; அதை நம்பிக் குதிக்கிறவன் பிழைக்க மாட்டான். அதனால் வளையலைக் கழற்றிவிட்டுத்தான் ஷெட்டுக்குள் வர வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. பெண்களில் பாதிப் பேருக்குப் புருஷன் சண்டைக்கோ சண்டைக்குச் சாமான் தூக்கவோ போயிருந்தான். உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத சமயத்தில் வளையலைக் கழற்றச் சொன்னால் எவள் கழற்றுவாள்? ஒருத்தியும் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சூப்பர்வைசர்கள் சத்தம் போட்டார்கள், வேலையை விட்டு நிறுத்துவோம் என்றார்கள். யாரும் நகரவில்லை.

"அப்பத்தான் நான் முந்தானைய சர்ருனு கிழிச்சேன். மணிக்கட்டுல வளையலுக்கு மேல சுத்துனேன், இறுக்கமா. முனைய உள்ள சொருகுனேன், முடிச்சு கெடையாது. முடிச்சு போட்டா அதுவே இழுக்கும். இந்தா, இப்போ உன் பட்டைத் தேச்சுப் பாருய்யான்னு கைய நீட்டுனேன். தேச்சான். மாட்டல. அன்னிலேர்ந்து தெனம் வாசல்ல ஒரு பட்டுத் துண்டை வெச்சுக்கினு ஒவ்வொருத்தி கையிலயும் இழுத்துப் பாப்பாங்க. மாட்டலன்னா 'உள்ள போ'ம்பாங்க. மூணு வருசம் போனேன்யா, வளையலோட. என் புருசன் பர்மாலேர்ந்து வந்து எறங்குனாரே, மொகத்தப் பாக்கல, மொதல்ல என் கையத்தான் பாத்தாரு. நீங்க அத உருவிட்டு நிக்க வெச்சிருக்கீங்க. நான் வர மாட்டேன். எங்க எடம்னு சொல்லவும் மாட்டேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் சமாதானம் சொல்ல ஆரம்பித்தோம். மேடம் மட்டும் பேசவில்லை. எங்கள் சத்தம் அடங்கிய பிறகு பாப்பம்மா முன்னால் போய் நின்றார்.

"வளையலைக் கழட்டச் சொன்னாங்க, நீங்க கழட்டல, துணி சுத்திக்கிட்டு வேலை செஞ்சீங்க. நீங்க ஜெயிச்சதை நாங்க தோத்ததா நிக்க வெச்சுட்டோம். சரியா?"

பாப்பம்மா அவரை முறைத்துப் பார்த்தார். "சரி" என்றார்.

"வளையலும் துணியும் வந்தா வருவீங்களா?"

"வந்தப்புறம் பாக்கறேன். வாய்ல வளையல் போடாதீங்க."

மேடம் அங்கேயே பிரமோத்துக்குப் போன் போட்டார். அவர் புனேயில் இருந்தார். பேச்சு எனக்கே கேட்டது. வளையல் போட்டால் முஷ்டியின் வீரம் போய்விடும், சாதாரணப் பெண் போல ஆகிவிடும், தன் வேலையை யாரும் தொடக் கூடாது என்றார். மேடம் முழுவதும் கேட்டார்.

"கை உங்க வேலை, அதைத் தொட மாட்டோம். வளையல் அவங்களுது, அதைப் போடுவோம். சரியா?"

பிரமோத் மறுபடியும் முஷ்டியின் வீரம் என்று ஆரம்பித்து முடித்தார்.

"சரின்னு சொல்லலையே."

"சரி மேடம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கன்னியப்பன், நோடோணா."

சொல்வது சுலபம். முஷ்டி மணிக்கட்டை விடப் பெரியது; வளையலை மேலிருந்து மாட்ட முடியாது. கண்ணாடி வளையல் மழைக்கும் குரங்குக்கும் தாங்காது. இரும்பை அங்கேயே வைத்துப் பற்றவைத்தால், சூட்டில் சிமென்ட் பொரிந்து உதிர்ந்துவிடும். உள்ளூரில் இரண்டு பட்டறைக்காரர்களைக் கேட்டார்கள். கையை அறுத்துவிட்டுப் புதுக் கை வைக்க வேண்டும் என்றார்கள். அறுப்பதற்கு நான் எதற்கு?

மெல்லிய கம்பியை அரை வட்டம் அரை வட்டமாக வளைத்தேன். இரண்டு அரையையும் மணிக்கட்டில் சேர்த்துப் பிடித்து, அடியில் ஈரச் சாக்கைச் சுற்றி, பொட்டு வைப்பது போல ஒரு தொடுதல். நிறுத்து. சாக்கை நனை. சூடு இறங்கட்டும். இன்னொரு பொட்டு. பாய் பட்டறையில் கற்ற "ஆஸ்தே" எல்லாம் அந்த மணிக்கட்டில் செலவானது. சிமென்ட்டில் மயிரிழை விரிசல்கூட விழவில்லை. போய்ப் பாருங்கள்.

வளையல் வந்துவிட்டது. துணி? வளையல் முழுவதையும் மூடினால், உள்ளே வளையல் இருப்பது பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? மூடாமல் விட்டால் பாப்பம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். சிலைக்கு எதிரே செங்கல் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே தூக்கிய முஷ்டி. நெஞ்சுக்கு முன்னால் மடங்கிய கை. இரண்டுக்கும் நடுவில் வெறும் காற்று. அந்தக் காற்றில்தான் துணி இருக்கிறது என்று எனக்குப் பட்டது. இவள் இன்னும் ஷெட்டுக்குள் போகவில்லை. வாசலில் நிற்கிறாள். இடது கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். மீதித் துணியின் முனை அவளுடைய வலது முஷ்டியில். மேலே தூக்கி இறுக்குகிறாள். வலது கையின் வளையல் இன்னும் வெளியே தெரிகிறது, அடுத்து அதைச் சுற்றப் போகிறாள். முஷ்டியை யாரும் தொட வேண்டாம். அது சும்மா காற்றில் நிற்காமல் ஒரு வேலை செய்யும்.

டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்துபோய் மேடத்திடம் சொன்னேன். நான் நீளமாகத்தான் சொல்லியிருப்பேன். அவர் கேட்டுவிட்டு, "முஷ்டி துணியை இறுக்குது. சரியா?" என்றார்.

"சரி மேடம்."

"ஆகட்டும்." வேலை முடிவதற்கு முன்பே அவர் "ஆகட்டும்" சொன்னது என் சர்வீசில் அது ஒன்றுதான்.

வலது முஷ்டிக்கும் இடது மணிக்கட்டுக்கும் நடுவில் தகட்டை முறுக்கி எலும்பு போல வைத்தேன். அதன் மேல் சிமென்ட்டுக் கூழில் ஊறிய பருத்தித் துணி. சுற்றுவதற்குப் பாப்பம்மாவே வந்தார். சிலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நான் சுற்ற ஆரம்பித்ததும் என் கையைத் தட்டிவிட்டார்.

"யோவ் வெல்டரு, மாட்டுக்குக் காயம் கட்டுறியா? தள்ளு."

"துணி கட்ட எனக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தாங்க? எனக்குத் தெரிஞ்சது இரும்புதான்."

"அதான் தெரியுதே. இந்தப் பக்கம் புடி, சும்மா நிக்காத."

முழங்கைப் பக்கம் தொடங்கி, கைப் பக்கம் இறங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடும்படி சுற்றினார். விரல் முழுக்க சிமென்ட். மருமகள் துடைக்கப் போனபோது விடவில்லை. முனையை உள்ளே சொருகிவிட்டு, "காயட்டும். விழாவுக்கு முந்தின நாளு வரேன். அன்னிக்குத்தான் சொல்லுவேன்" என்று போய்விட்டார். வருகிறேன் என்று சொன்னாரே தவிர, ரிப்பன் வெட்டுகிறேன் என்று சொல்லவில்லை. மேடம் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று நாளும் கைப்பையிலிருந்து டேப்பை எடுப்பதும் உள்ளே போடுவதுமாகவே இருந்தார்.

சொன்ன நாளில் வந்தார். இடுப்பிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்தார். பழைய கல்யாணப் புடவையிலிருந்து கிழித்தது, நூல் நூலாக இளைத்துப்போனது. சிலையின் இடது மணிக்கட்டின் மேல் அதைப் போட்டு மெதுவாக இழுத்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். துண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம், துணி மணிக்கட்டை விட்டு மேலே கிளம்புகிற இடத்தில், நின்றது. மாட்டிக்கொண்டது.

"இழுக்குது" என்றார்.

குனிந்து பார்த்தேன். தகடு கூழைக் கிழித்துக்கொண்டு ஊசி முனை அளவுக்கு எட்டிப் பார்த்தது. கண்ணுக்குத் தெரியாது, பட்டுக்குத் தெரிகிறது. பொடி அரத்தை எடுத்து உட்கார்ந்தேன். ராவி, தடவி, கூழ் வைத்து, மறுபடி ராவி, உப்புத்தாள் போட்டேன். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பாப்பம்மா நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் விரலால் தடவிப் பார்த்து, "இன்னும்" என்றார். "இன்னும்." "இன்னும்."

கடைசியில் துண்டை மறுபடி போட்டு இழுத்தார். மேலே, பக்கத்தில், அடியில். தண்ணீர் போல வந்துவிட்டது.

சிலையின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"உள்ள போ" என்றார்.

மேடம் திரும்பி நின்றுகொண்டு கைப்பையில் எதையோ தேடினார். டேப்பைத் தேடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மறுநாள் அதிகாரி வந்தார். ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் பாப்பம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிலை முன்னால் கூட்டிப்போய், கன்னடத்தில், "இது எங்க இடம். நான் இப்படித்தான் உள்ளே போனேன். இது நான்தான்" என்று சொன்னார். அதிகாரி தன் தோளில் போட்டிருந்த சால்வையை எடுத்து பாப்பம்மாவுக்குப் போர்த்தினார். கையெழுத்து வந்தது. அதற்குப் பிறகு நிலத்தை நீண்ட காலத்துக்கே கொடுத்துவிட்டார்கள். பிரமோத்தும் விழாவுக்கு வந்திருந்தார். சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து, "முஷ்டிக்கு இப்பத்தான் வேலை வந்திருக்கு" என்றார். நல்ல மனுஷன்.

வளையல் கதையையும் சாக்பீஸ் முறைப்படியே உறுதி செய்ய வேண்டும் என்று மேடம் ஆனேக்கல் முனியம்மாவிடம் போனார். பாப்பம்மா பேச்சை எடுக்காமல் கேட்டார். அவரும் அதையே அச்சு மாறாமல் சொன்னார், ஒன்றைத் தவிர. முதலில் முந்தானையைக் கிழித்தது தானாம். "அந்தப் பாப்பா என்னைப் பாத்துத்தான் கிழிச்சா!" பாப்பம்மாவிடம் வந்து சொன்னால், "படுத்த படுக்கையிலயும் பொய் பேசுறா பாரு" என்று சிரித்தார். மேடம் சிலைக்குக் கீழே எழுத வைத்தார்: முதலில் கிழித்தவர் தானே என்று பாப்பம்மாவும் சொல்கிறார், முனியம்மாவும் சொல்கிறார். இரண்டு பேரும் இன்று இல்லை. எழுத்து இருக்கிறது, படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சிலை மாதிரியே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் நிறைய வருஷம் எடுப்பார்கள்.

இப்போது சங்கம் அந்தச் சிலையை வெண்கலத்தில் வார்க்கப்போகிறது. சந்தோஷம். சிமென்ட் எத்தனை நாளைக்கு? புதுப் பலகையின் மாதிரியைச் செயலாளர் எனக்குக் காட்டினார். சிற்பி பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் இருக்கிறது. "முஷ்டியையும் துணியையும் இணைத்த சிற்பியின் நுட்பமான பார்வை" என்று ஒரு வரி இருக்கிறது. பிரமோத் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். யாரோ அழகாக எழுதிவிட்டார்கள். கடைசியில் "மற்றும் பணியாளர்கள்" என்று இருக்கிறது.

பழைய பலகை எழுதும்போது மேடம் "உதவி: கன்னியப்பன்" என்று போடச் சொன்னார். உதவி என்று போடுவதானால் வேண்டாம் என்று நான் எடுக்கச் சொன்னேன். "வேலைன்னு போட்டா சரி, உதவின்னா வேண்டாம். சரியா?" என்று கேட்டார். சரி என்றேன். திருத்தி எழுதுவதற்குள் என் பெயர் இல்லாமலே அச்சாகி வந்துவிட்டது. மேடம் இன்று மைசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் போட்டுக் கேளுங்கள். அவர் மறந்திருக்க மாட்டார்.

துணி கிழித்த பெருமைக்கு இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. கை வேகாமல் வளையல் பற்றவைத்ததற்கும், முஷ்டியில் துணியைக் கொடுத்ததற்கும் இத்தனை வருஷத்தில் என்னைத் தவிர வேறு யாரும் வரவில்லை. வெண்கலத்துக்கு அச்செடுக்கப்போவதும் என் கம்பியின் மேலிருந்துதான். ஆகவே செயலாளர் அவர்களே, அந்த நுட்பமான பார்வை வரியை எடுத்துவிடுங்கள். சிற்பியின் பெயருக்குக் கீழே, அதே உயரத்தில், "வளையலும் துணியும்: ஆ. கன்னியப்பன், வெல்டர்" என்று போடுங்கள். எழுத்துகளைப் பித்தளையில் நானே வெட்டித் தருகிறேன். இடம் மட்டும் விட்டு வையுங்கள்.